சாராள் ஸ்லோவேனியா போகாத பத்து நாட்கள்

என் மனைவி சாராளுக்கு ஸ்லோவேனியா அத்துப்படி. குரோம்பேட்டையில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை. அந்த நாட்டுக்கு மலையேறவும் ஊர் சுற்றவும் போகிறவர்களுக்கு எந்த ஏரிக்கரையில் தங்குவது, எந்தப் பாதையில் முட்டி வலிக்காது, எந்தக் குகைக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்று சொல்லி அனுப்புவது அவள்தான். பனிமலை, குகை, திராட்சைத் தோட்டம், கடல் எல்லாம் அந்தச் சின்ன நாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று சோறு போடும்போது எனக்கும் பாடம் நடக்கும். ஆனால் அவள் போன தூரம் என்று பார்த்தால் மேற்கே படப்பை, தெற்கே ஊரப்பாக்கம். அதுவும் கல்யாண வீடுகளுக்கு.

இந்த வருடம் ஜூனில் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவோடு பத்து நாள் அவளையே அனுப்புவதாக முதலாளி சொன்னார். அவளுக்குக் கால் தரையில் படவில்லை. மலையேறும் ஷூ வாங்கினாள். அதைப் போட்டுப் பழக வேண்டும் என்று காலையில் பக்கத்திலிருக்கும் பச்சைமலைக் குன்றில் ஏறி இறங்கினாள்.

அப்போதுதான் நான் அந்த அறிவுகெட்ட வேலையைச் செய்தேன். எங்கள் சபையில் யாராவது வெளிநாடு போனால் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பார்கள். போதகர் பெயரை வாசித்து ஜெபிப்பார். "விசா வரட்டுங்க, அவசரப்படாதீங்க" என்று சாராள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டேனா? கவரில் அவள் பெயரை எழுதிப் போட்டுவிட்டேன். மைக்கில் வாசித்ததும் பெண்கள் சங்கத் தலைவி டெபோரா அக்கா அவளைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டார்.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது விசா மறுத்துவிட்டார்கள். போனால் திரும்பி வருவாளா என்று சந்தேகமாம். வேறொருவர் குழுவோடு போனார். "எப்படிங்க எல்லார் மூஞ்சியிலயும் முழிப்பேன்?" என்று ஒரே அழுகை. போய்விட்டதாகவே எல்லோரும் நினைக்கட்டும், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது, அந்தப் பத்து நாளும் வெளியே தலைகாட்டுவதில்லை என்று முடிவு கட்டினாள். நானும் மண்டையை ஆட்டினேன். ஆட்டாமல்? வினையை இழுத்து வைத்தவனே நான்தானே.

ஐயோ, அது என்ன பிழைப்பு! வெயில் கொளுத்துகிறது, ஜன்னலைத் திறக்கக்கூடாது. மிக்ஸி ஓடக்கூடாது. அவள் புடவை மாடியில் காயக்கூடாது. மீன் கொண்டுவரும் அங்காளம்மாவிடம் பழக்கதோஷத்தில் நான் ஒரு கிலோ சங்கரா கேட்டுவிட்டேன்.

"இன்னா அண்ணா, அக்காதான் ஊர்ல இல்லியே? ஒரு கிலோ ஒனக்கு ஒருத்தனுக்கா?"

நான் பாத்திரத்தை நீட்டினேன். அவள் மூடிக்கிடந்த ஜன்னலைப் பார்த்தாள். "சரி வுடு, நான் இன்னாத்துக்கு யாராண்டயும் சொல்லப் போறேன்" என்று எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் மத்தியானம், குழுவில் போயிருந்த கேஷவ் என்பவர் மலையில் பனிமூட்டத்தில் வழி தவறிப் போன் செய்தார். சாராள் போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். "பாறையில சிவப்பு வட்டத்துக்குள்ள வெள்ளைப் புள்ளி தெரியுதா சார்? அங்கயே நில்லுங்க. அடுத்த புள்ளி தெரிஞ்சப்புறம் நடங்க" என்று கிசுகிசுத்தாள். "கேக்கல மேடம், சத்தமா பேசுங்க!" என்று அவர் கத்துகிறார். இவள் எங்கே சத்தமாகப் பேச? பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். முக்கால் மணி நேரம் அப்படியே பேசி அவரை இறக்கிவிட்டாள். வியர்வையில் தொப்பலாக நனைந்து போர்வையை விலக்கி, "அவர் வெளிய வந்துட்டாருங்க" என்றாள். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சபைக்காரர்கள் எல்லாம் ஆராதனையில் இருந்த நேரம், பெட்டியோடு நழுவி, குரோம்பேட்டையில் ரயிலேறித் திரிசூலத்தில் இறங்கி விமான நிலையத்துக்குப் போனோம். ஆராதனை முடிந்து எல்லோரும் நாங்கள் குடியிருக்கும் அஸ்தினாபுரத்துக்குத் திரும்பும் நேரம் பார்த்து டாக்ஸியில் வந்து இறங்குவதாகத் திட்டம். போட்டது நான். இந்தக் கோணல் புத்திக்கு மட்டும் என்னிடம் பஞ்சமில்லை.

பயணிகள் வெளியே வரும் வாசலில் சாராள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தவர்களைக் கட்டிக்கொள்ள ஆளாளுக்கு ஓடினார்கள். "டாக்ஸி வந்துடுச்சு, வா" என்றேன். அவள் நகரவில்லை.

"இதுல ஏறினா நான் போயிட்டு வந்தவளாயிடுவேங்க. அப்புறம் எந்த வாயால போகணும்னு ஜெபத்துல கேப்பேன்?"

"அப்ப சபைக்காரங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

அவள் போனை எடுத்தாள். பத்து நாளில் முதல்முறையாகச் சத்தமாகப் பேசினாள். பெட்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டெபோராக்கா, சாராள் பேசறேன். எனக்கு விசா கிடைக்கலக்கா. நான் இன்னும் போகல."