நாதன் உடைத்த கை

வெரோனிக்கா சின்னம்மாவின் வலக்கையில் மூன்று விரல் நீட்டினால் நீளாது, மடக்கினால் முழுதாக மடங்காது. பிள்ளைகள் கேட்டால், "அமெரிக்காக்காரன் காரு ஏறிடுச்சு" என்பாள். பினாங்கில் எந்தத் தெருவில் ஏறியது என்று யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. போன மாதம் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் அவளுக்கு ஏழாம் வருஷப் பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சு அந்தக் கைக்கு வந்தது. அவள் மகள் ஆலிஸ், நீயே சொல்லு என்பதுபோல் என்னைப் பார்த்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சம்பந்தப்பட்ட எல்லாரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

எங்கள் அம்மா மூத்தவள், அடுத்தது அந்தோணிராஜ் மாமா, கடைக்குட்டி வெரோனிக்கா. அவளை நாதன் என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்கிற ஊர்க்காரர். உறவு கிடையாது, கோயில் பாதர் பார்த்து முடித்துவைத்த சம்பந்தம். சித்தப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பியூன்.

ஜப்பான்காரன் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் ஆளாளுக்குக் கார் வாங்குகிறார்களாம், காருக்கு நாலு டயர், மேற்கொண்டு ஒன்று டிக்கியில். கொரியாவில் சண்டையும் சேர்ந்துகொள்ள, ரப்பர் விலை ஏறின ஏற்றத்தில் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிட்டங்கிகளெல்லாம் விடியற்காலையே திறந்தன. சின்னம்மா அப்படி ஒரு கிட்டங்கியில் வேலைக்குப் போனாள். புகைபோட்ட ரப்பர் ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே பட்டை, மண், குமிழி எது தெரிந்தாலும் கத்தரித்துப் போட வேண்டும். பொம்பளைக்கு ஒரு முக்காலி. ஒரு நாள் வராவிட்டால் அந்த முக்காலி போய்விடும், ஏனென்றால் கேட்டுக்கு வெளியே இன்னும் முப்பது பேர் நிற்பார்கள்.

அரிசி விலையும் ரப்பரோடு ஏறியது. சித்தப்பாவின் சம்பளம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. பொண்டாட்டி கொண்டுவருவது தன்னுடையதைவிட அதிகம் என்று தெரிந்த வாரத்திலிருந்து அவர் கை நீள ஆரம்பித்தது. பெல்ட், செருப்பு, ஒருமுறை சூடான இஸ்திரிப் பெட்டி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து சின்னம்மா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா, ஆபீஸ் துரை கழித்துப்போட்ட அமெரிக்கப் பத்திரிகை ஒன்றை அவள் முகத்துக்கு நேரே விரித்தார். வெள்ளை வெளேரென்று ஐஸ்பெட்டி. அதன் கதவைத் திறந்துகொண்டு சிரிக்கிற ஒருத்தி. வாசலில் நீட்டுக்கு ஒரு கார்.

"இவளுங்களும் சண்டை நடக்கிறப்போ ஃபேக்டரியில ஆம்பளை வேலை பார்த்தவளுங்கதான். துரையே சொன்னாரு. சண்டை முடிஞ்சதும் புருஷன் வீடே போதும்னு வந்துட்டாளுங்க. பொம்பளைன்னா அப்படி இருக்கணும். நாளையிலேருந்து நீ கிட்டங்கிக்குப் போக வேணாம்லா."

சின்னம்மா படத்தை நிதானமாகப் பார்த்தாள். "அவ புருஷன் ஐஸ்பெட்டி வாங்கிக் குடுத்தான், அவ சிரிக்கிறா. நம்ம வீட்டு அரிசி மூட்டையை இந்த மாசம் யாரு வாங்கினாங்க?"

முதல் அடி வாயில் விழுந்தது. அடுத்தது எங்கே விழுந்தது என்று அவளுக்கே நினைவில்லை. அரைத்துக்கொண்டிருந்த வலக்கையை அம்மிமேல் வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டு, குழவியைத் தூக்கி இறக்கினார். மூன்று தரம். மிளகாயும் ரத்தமும் ஒரே நிறம் என்பதால் எலும்பு தெரிந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரி கத்தினாளாம்.

"இனிமே எந்தக் கையால கத்தரிக்கோல் பிடிக்கிறேன்னு பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு கௌபாய் படம் பார்க்கப் போய்விட்டார்.

தகவல் தெரிந்து அந்தோணிராஜ் மாமா டத்தோ கிராமாட்டிலிருந்து சைக்கிளில் வந்தார். கையைப் பார்த்தார். "நீயும் வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம் தங்கச்சி. வேலையை விட்டுடு, எல்லாம் சரியாயிடும்" என்றார். கூடப்பிறந்தவன் சொன்ன ஆறுதல் அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு ஒரு விஷயம் தெரியாது. சின்னம்மா பிறவியிலேயே நொட்டாங்கைக்காரி. எங்கள் தாத்தா அந்தக் கையில் சூடு போட்டு, சோறு தின்ன, தண்ணீர் மொள்ள, சிலுவை போட, எல்லாவற்றுக்கும் வலக்கையைப் பழக்கியிருந்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம் வீட்டில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. நாலு வருஷம் கூடவே இருந்தும் அவர் கண்டதெல்லாம் வலக்கைதான். கிட்டங்கியில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? வேலைக்குப் போன முதல் நாளே கத்தரிக்கோல் தானாக இடக்கைக்குப் போய்விட்டது. அவர் உடைத்தது சோறு தின்கிற கையை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பால்டின் பெட்டிப் பலகையை வைத்துக் கட்டிய கை மடியில் கிடந்தது. பக்கத்து முக்காலி நூர் பீவி, ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள்.

"என்ன புள்ள, கையி பூசணிக்காயாட்டம் வீங்கிக் கிடக்கு?"

"வெட்டிருவேன்க்கா. ஷீட்டைப் பிடிச்சுக்கத்தான் கை இல்ல."

"எனக்கு ரெண்டு இருக்குல்ல. உனக்கு ஒரு ஷீட்டு, எனக்கு ஒரு ஷீட்டுன்னு மாத்தி மாத்திப் பிடிக்கிறேன். வெட்டு."

கணக்கு எழுதுகிற கிராணி ஷேக் அலாவுதீன் வந்து பார்த்தார். "சாயங்காலம் ஒரு ஷீட் குறைஞ்சாலும் முக்காலி கிடையாது" என்று போய்விட்டார். வலியில் அவளுக்கு இரண்டு தரம் வாந்தி வந்தது. விழுங்கிவிட்டு வெட்டினாள்.

மதியம் சித்தப்பா வந்தார். பஸ்ஸில் பார்த்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வந்தவர் கத்தரிக்கோல் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாராம்.

"அடிப்பாவி, நொட்டாங்கை! நொட்டாங்கைக்காரியை என் தலையில கட்டிட்டானுங்களே! இத்தனை வருஷமா என்னை ஏமாத்திட்டாளே!"

தலைமயிரைப் பிடித்து இழுத்தார். முக்காலி உருண்டது. கீழே விழுந்தவளின் இடக்கையைப் பூட்ஸ் காலால் மிதித்தார்.

கிராணி ஓடிவந்து, "குடும்பச் சண்டையை வெளிய வச்சுக்குங்க தம்பி! ஷீட்டை மிதிக்காதீங்க, கப்பலுக்குப் போற சாமான்!" என்றார்.

சித்தப்பா நசுக்குவதற்காக இரண்டாம் தரம் காலைத் தூக்கினார். சின்னம்மா கத்தரிக்கோலை விட்டிருக்கவில்லை. அவர் தொடையில் கைப்பிடி வரைக்கும் ஏற்றினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. விழுந்த மனுஷன்மேல் நாற்பது பொம்பளைகள் விழுந்தார்கள். முக்காலியால் அடித்தார்கள், மரக்கட்டைச் செருப்பால் அடித்தார்கள். ஒருத்தி காதைக் கடித்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார், கும்பிட்ட கையிலும் அடி விழுந்தது. அவரவர் வீட்டில் வாங்கினதையெல்லாம் அந்த ஒரு உடம்பில் இறக்கிவிட்டார்கள். நிறுத்தச் சொல்லிக் கத்தியது சின்னம்மாதான்.

போலீஸ் மாத்தா இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். நூர் பீவிதான் பதில் சொன்னாள்.

"அவராத்தான் வழுக்கி கத்தரிக்கோல் மேல விழுந்தாரு, ஐயா."

"நாலு பல்லு எப்படிப் போச்சு?"

"அதுவும் வழுக்கினதுதான். ரப்பர்லா."

மாத்தா போனதும் கிராணி சின்னம்மாவை வெளியே போகச் சொன்னார். கேட்டில் நின்றவர்களில் ஒருத்தி அதற்குள் தான் உட்கார முக்காலியைத் தூக்கி நிமிர்த்திவிட்டாள். சின்னம்மா எழுந்து போய், வீங்கின இடக்கையை அதன்மேல் வைத்து, "இது என்னோடது" என்றாள். அந்த நேரம் கிட்டங்கி முதலாளி, சீனத் தவுக்கே வந்தார். ரத்தத்தையும் பார்த்தார், காலையிலிருந்து அவள் வெட்டிவைத்த அடுக்கையும் பார்த்தார். மற்றவர்கள் அடுக்கைவிட ஒரு ஷீட்டும் குறையவில்லை. வியாழக்கிழமை அமெரிக்காவுக்குக் கப்பல்.

"கப்பல் போகட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். நூர் பீவி ஷீட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து நொண்டிக்கொண்டே ஃபெரி ஏறி, பிறையில் அவர் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆலிஸ் அப்போது சின்னம்மா வயிற்றில் மூன்று மாசம். கோயிலில் கட்டிய கல்யாணம், பிரிக்க முடியாது. அவர் சாகிறவரை அவர்கள் புருஷன் பொண்டாட்டிதான், நடுவில் கடல். பிறகு அமெரிக்காவிலேயே ரப்பரைச் செயற்கையாகச் செய்துகொள்கிறார்கள் என்று விலை விழுந்து, இரண்டு வருஷத்தில் கிட்டங்கியில் முக்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசி ஆறு பேரில் இவளும் ஒருத்தி. அந்த இரண்டு வருஷத்தில் சித்தப்பா, திரும்பி வருகிறேன் என்று நாலு தரம் ஆள் அனுப்பினார். கடைசியாகத் தூது வந்தது அந்தோணிராஜ் மாமாவே.

"மனுஷன் திருந்திட்டாருமா. எப்ப வரட்டும்னு கேக்குறாரு."

"கப்பல் போகட்டும்னு சொல்லுங்கண்ணே" என்றாள்.

துறைமுகத்தில் அப்போதெல்லாம் ஒரு கப்பல் கிளம்பும் முன்பே இரண்டு வந்து நிற்கும்.