பேட்டரி யார் வீட்டில் இருப்பது

2008 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து குழாய்த் தண்ணீர் பிடித்தேன். சவரம் செய்து, குளித்து, தோசை சாப்பிட்டுவிட்டு எட்டேகாலுக்கு ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். கணக்குப் பிரிவில் அன்று முழுவதும் பேக்கிங் பில்களைச் சரிபார்க்கும் வேலை. கம்பெனியில் ஜெனரேட்டர் உண்டு. கரண்ட் போவதும் வருவதும் எங்களுக்குத் தெரியாது. வீட்டில்தான் தெரியும். பகலில் இரண்டு மணி நேரம் என்பது அரசாங்கக் கணக்கு. மாலையில் போவது கணக்கில் வராதது.

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் ஐந்து வீடுகள், ஒரே கேட். எங்களுக்கு நேர் எதிரே ஒரு நர்ஸ் இருந்தார். வேலூரில் ஆஸ்பத்திரி வேலை, வயதில் என்னைவிடப் பத்து வருடம் சிறியவர். காம்பவுண்டு முழுவதுக்கும் அவர் சிஸ்டர். யார் வீட்டுக் குழந்தைக்குச் சுரம் வந்தாலும் முதலில் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். பதினோரு வருடமாக அங்கே இருந்தும் என் கதவை யாரும் அப்படித் தட்டியதில்லை.

பேட்டரி யோசனையை ஜூன் மாதம் முதலில் சொன்னவன் நான். வீட்டுக்கு ஓர் இன்வெர்ட்டர் வாங்க எங்களில் யாருக்கும் வசதியில்லை. ஐந்து வீடும் சேர்ந்து ஒரு பெரிய இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் வாங்கினால், வீட்டுக்கு ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன் ஓடும். பேட்டரியில் ஆசிட் இருப்பதால் அதை என் வீட்டு முன்னறையில் வைத்துப் பூட்டுவது, சாவி என்னிடம் இருப்பது, அயர்ன் பாக்ஸ், மிக்ஸி போடக் கூடாது என்பது வரை விதிகளைத் தட்டச்சு செய்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். எல்லோரும் வாங்கிப் படித்தார்கள். "பாக்கலாம் சார்" என்றார்கள். அதோடு சரி.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் சிஸ்டர் வீட்டில். வாரம் ஒரு வீடு என்று சுற்றி வரும். இரண்டாவது பாட்டில் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி வைத்து ஜெபத்தை முடித்துவிட்டு, புழுக்கம் தாங்காமல் எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். கடைசி வீட்டு பாய், தோல் மண்டிக் கணக்கர், ஏற்கெனவே நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

சிஸ்டர்தான் ஆரம்பித்தார். "அண்ணே ஜூன்ல சொன்னாரே, அந்த பேட்டரி. அத இப்பவாவது வாங்கிடலாமா? ஜெபக்கூட்டம் மாதிரி சுத்தி வரட்டும். மாசத்துக்கு ஒரு வீடு. லைட்டும் ஃபேனும் எல்லாருக்கும், பேட்டரி இருக்கற வீட்டுக்கு மட்டும் ஒரு ஃபேன் கூட."

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜெபக்கூட்டத்துக்குத்தான் நம்ம வீட்டுக்கு முறை வராது. பேட்டரியாவது வருமா சிஸ்டர்? அப்ப நான் ரெடி."

"எங்களுக்கும் ஓகே க்கா" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். தோளில் மூன்று மாதக் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. "ஆனா மொத மாசம் எங்க வீடு."

"அதெப்படி மொத மாசம்?" என்று நான்காவது வீட்டு ரயில்வே பெரியவர் எழுந்தேவிட்டார்.

மூன்று மாதமாக "பாக்கலாம்" என்றவர்கள், எந்த மாதம் யாருக்கு என்று சண்டை போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"பேட்டரின்னா மண்பானையா, மாத்தி மாத்தி வெக்க?" என்றேன். "ஆசிட் சிந்தும். வயரிங் என்ன ஆவும்?"

"சக்கரம் வெச்ச ட்ராலி விக்கிறான் சார். எலக்ட்ரீசியன் ஒவ்வொரு வீட்லயும் ஒரு பாயிண்ட் வெச்சுட்டுப் போய்டுவான்" என்றார் பாய். "உங்க பிளான் நல்ல பிளான்தான். ஆனா சாவி ஜாஸ்தி, கரண்ட் கம்மி."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க பாய். அண்ணன் சொல்லலன்னா எனக்கு இது தோணியிருக்குமா?" என்றார் சிஸ்டர். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். "ஆனா அஞ்சு வீடும் சேந்தாத்தான் கட்டுபடியாவும். நீங்க இன்னா சொல்றீங்க ண்ணே?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று உள்ளே வந்துவிட்டேன்.

மனைவி பின்னாலேயே வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, காலாண்டுத் தேர்வுத் தாள்களை மெழுகுவர்த்தியில் திருத்திக் கண்ணெரிச்சல் பட்டுக்கொண்டிருந்தவள். "ஏங்க, நீங்க கேட்டதத்தானே அந்த சிஸ்டர் பொண்ணும் கேக்குது?"

"அதான்."

"இன்னா அதான்? உங்களால அஞ்சு வீடும் இருட்டுல கெடக்கணுமா?"

நான் ஜன்னலோரம் நின்று, வெளியே என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். ஒன்றும் பேசவில்லை. அக்டோபரை ரயில்வே பெரியவர் கைக்குழந்தைக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் தன் வீட்டைக் கடைசியில் போட்டுக்கொண்டார். அதைக் கேட்டதும் இன்னும் எரிச்சல் வந்தது. கடைசியில் நிற்கத் தெரிந்தவரை எப்படி ஜெயிப்பது?

பிறகு ஜன்னலருகே அவர் குரல். "அண்ணே, உங்களுக்கு டிசம்பர் ஒதுக்கி வெச்சிருக்கோம். கிறிஸ்மஸ் மாசம். போதுமா?"

"டிசம்பரா? ஆளாளுக்குக் கேட்டோம், எங்களுக்கு இல்லன்னீங்க!" என்று பாய் கத்தினார்.

யாருக்கு எந்த மாதம் பிடிக்கும் என்று யோசிக்க ஜூன் முழுவதும் எனக்குத் தோன்றவே இல்லை. டிசம்பரை யாருக்கும் தராமல் எனக்கென்று எடுத்து வைக்க அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்காகவும் அவர் மேல் பொறாமையாக இருந்தது.

"சரி" என்றேன், கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்து. முற்றத்தில் யாரோ கை தட்டினார்கள். அது எனக்கா அவருக்கா என்று பார்க்க நான் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, குழாய்க்குப் போவதற்கும் முன்னால், முன்னறை மூலையிலிருந்த செருப்பு ஸ்டாண்டை நகர்த்திவிட்டு, ட்ராலி உள்ளே வருமா என்று அந்த இடத்தை டேப் வைத்து அளந்தேன்.