ஒரே தொண்டையில் இருந்த இருவர்

ஆரோக்கிய செல்வி தெருவில் வருவதற்கு முன்பே அவள் குரல் வந்துவிடும். பால்காரரிடம் பேசினாலும் சரி, கோயிலில் செபம் சொன்னாலும் சரி, ஒரே அளவுதான். அவள் என் தம்பியின் மூத்த மருமகள். பிரான்சிஸைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தவள். ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டை ஒட்டி இருக்கிறது. இப்படியே போனால் அந்தக் குரல் திரும்பாது என்று அரியலூரில் ஒரு டாக்டர் சொன்னார். அதன்பின் நடந்ததைத்தான் எழுதுகிறேன். பார்த்ததைப் பார்த்ததாகவும், பிறர் சொன்னதைச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறேன்.

முதலில் பாஸ்கா என்னும் சிலுவைப்பாடு நாடகத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நடப்பது பொம்மைப் பாஸ்கா. ஆண்டவருடைய பாடுகளை ஆட்கள் நடிப்பதில்லை. மரச் சுரூபங்களை மேடையில் நகர்த்துவார்கள், பேச்சு திரைக்குப் பின்னாலிருந்து வரும். அங்கே நிற்பவர்களுக்கு மேடை தெரியாது. அதனால் பேசும் இருவர் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவரின் மணிக்கட்டில் தட்டுவார். தட்டினால் உன் முறை என்று பொருள். மைக் வைப்பதில்லை என்பது ஊர்க்கட்டு. திடலின் கடைசியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும். "குரலை எறி" என்று சொல்லித்தான் பழக்குவோம். வசனம் எடுத்துக் கொடுப்பவன் நான்.

மாதாவுக்கும் மதலேன் மரியாளுக்கும் குரல் கொடுத்தவள் செல்வி ஒருத்தியே. இரண்டு பேரும் சேர்ந்து வரும் காட்சியில் தன் மணிக்கட்டைத் தானே தட்டிக்கொள்வாள்.

சோபியா அவளுடைய ஓரகத்தி. இளையவன் சகாய ஆனந்தைக் கட்டியவள். ஜெயங்கொண்டத்தில் மருந்துக்கடையில் வேலை. அவள் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏலாக்குறிச்சிப் பக்கம் பிறந்த ஊரில் மதலேனுக்குக் குரல் கொடுத்தவள். வந்த வருடம் ஒத்திகைக்கு ஆசையாக வந்து நின்றாள். செல்வி சொன்னாள்: "ரெண்டும் எனக்குப் பழக்கம்டி. நீ கூட்டத்தோட நில்லு."

"சரிங்கக்கா" என்றாள் சோபியா. அன்று முதல் அவள் கூட்டத்துக் கூச்சலில் ஒரு குரல். 'சரிங்கக்கா' தவிர அவள் வேறு வார்த்தை பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

ஒரு வருடம் பாஸ்கா பார்க்கப் பெரம்பலூரிலிருந்து கலையரசன் என்பவர் வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒலிப்பதிவு அறை வைத்திருப்பவர். சென்னைக் கம்பெனிக்காக வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் பதிந்து கொடுப்பார். மாதாவுக்கு யார், மதலேனுக்கு யார் என்று கேட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்தவர், அங்கே ஒரே ஒரு பெண் நிற்பதைப் பார்த்தார். அப்படித்தான் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்று செல்வியிடம் வந்து சேர்ந்தது.

கதை இதுதான். ஒரு மலைக்கோட்டை. அதில் கிழக்கே ஒரு மணி, மேற்கே ஒரு மணி. எதிரி வந்தால் இரண்டும் ஒலிக்க வேண்டும். கிழக்கு மணிக்குக் காவல் கோரின். செம்பட்டை முடி, முன்கோபம், யோசிப்பதற்கு முன்பே கை நீண்டுவிடும். மேற்கு மணிக்கு ஷிமோனா. வெள்ளை அங்கி, அளந்த பேச்சு, சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒருத்தி எரியும் அடுப்பு, ஒருத்தி பானைத் தண்ணீர். இருவருக்கும் ஆகவே ஆகாது. தமிழில் இரண்டு பேரும் செல்விதான். எந்தப் பதிவு நன்றாக இருந்தது என்று குறித்து வைக்கிற வேலை எனக்கு. அதனால் நானும் பெரம்பலூருக்குக் கூடப் போவேன்.

ஒருமுறை ஜெயங்கொண்டம் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"ஷிமோனா பார்த்தாலே போதும்டி, கோரின் தெறிச்சு ஓடிருவா."

"போடி. ஷிமோனாவுக்குப் பேசறது யாரோ மெட்ராஸ்காரி, ஏசி ரூம்ல உக்காந்து பேசறா. கோரினுக்குப் பேசறது நம்ம பக்கத்து ஆளு. கேட்டாலே தெரியல?"

முன் சீட்டில் இருந்த செல்வி என்னைத் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

கலையரசன் அடிக்கடி சொல்வார். "அக்கா, மைக் உங்க மூக்குக்கு முன்னாடி இருக்கு. நீங்க கும்பகோணத்துக்குப் பேசறீங்க."

"எறிஞ்சு பழகின குரல் தம்பி. மெதுவா வராது" என்பாள். உண்மைதான். கைக்கெட்டும் தூரத்தில் மைக் இருந்தும், அவள் பேசியது திடலின் கடைசி வரிசைக்கு.

தவக்காலம் தொடங்கியபோது குரல் கரகரத்தது. சுக்கு, மிளகு, தேன் எல்லாம் பார்த்தாயிற்று. பிறகு ஒரு காலையில் பிரான்சிஸைக் கூப்பிட வாய் திறந்தாள், காற்றுதான் வந்தது. அரியலூருக்கு சோபியாதான் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சொன்னதை அவள் வந்து என்னிடம் சொன்னபடி எழுதுகிறேன்.

"குரல் நாண் ரெண்டுலயும் முடிச்சு விழுந்திருக்கு. ரெண்டு வாரம் வாயே திறக்காதீங்க. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது. அப்புறம் பக்கத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் கேக்கற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா பேசலாம். கத்துனீங்கன்னா இந்தக் குரல் திரும்பாது. குருத்து ஞாயிறுக்கு முன்னாடி வாங்க, பாப்போம்."

பதிய வேண்டியது கடைசி எபிசோடு. கோட்டை விழும் நேரத்தில் கோரினும் ஷிமோனாவும் நேருக்கு நேர் நின்று மோதுகிற எபிசோடு. கோரினுக்கு முழுக்கக் கத்தல்தான்.

அந்த இரண்டு வாரம் வீடு வேறு வீடாக இருந்தது. செல்வி எதையாவது கேட்க வேண்டுமானால் சொம்பைத் தட்டுவாள். கோயிலில் எல்லோரும் பாடும்போது உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நிற்பாள். நின்ற இடத்திலெல்லாம் கை தொண்டைக்குப் போகும். வெந்நீரை விழுங்கிவிட்டு, உள்ளே ஏதாவது மாறியிருக்கிறதா என்று காத்திருப்பது போல அப்படியே இருப்பாள். பேசலாம் என்ற நாள் வந்தும் பேசவில்லை. மெதுவாகப் பேசுவது எப்படி என்றே அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அதைவிட, வாய் திறந்தால் வருமா வராதா என்ற பயம்.

அந்த வாரம் ஒரு மாலையில் முந்திரிக்காட்டுப் பக்கம் போயிருந்தேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு செல்வி நின்றாள். மூச்சை இழுத்து, கோரினின் கத்தலைக் கத்திப் பார்த்தாள். துருத்தி கிழிந்தது போல ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் கத்தினாள். மறுபடியும் அதே சத்தம். என்னைப் பார்த்ததும் யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதுபோல இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

நான் சொன்னேன். பிரான்சிஸிடம் இல்லை, சோபியாவிடம். டாக்டர் சொன்னதை நேரில் கேட்டவள் அவள்தான்.

சோபியா நேரே உள்ளே போனாள். செல்வியின் போனை எடுத்துக் கலையரசனைக் கூப்பிட்டாள். நான் வாசலில் நின்று கேட்டேன்.

"கோரினை வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்."

அவர் ஏதோ சொன்னார்.

"உங்களுக்கு எபிசோடு சார். எங்களுக்கு அக்கா. முடியாதுன்னா முடியாது!"

அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதே நேரத்தில் செல்வி கொல்லைப்பக்கமாக வந்து நின்றாள். கையிலிருந்த எவர்சில்வர் தட்டு தரையில் போய் மோதிச் சுழன்றது. போனைப் பிடுங்கி எழுதி, சோபியாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'என் குரலைப் பிடுங்கப் பாக்கறியா?'

சோபியா படித்தாள். "நான் எதுக்குக்கா பிடுங்கணும்? நீங்கதான் காட்டுக்குப் போயிக் கொட்டிட்டு வர்றீங்களே" என்றாள்.

செல்வி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

கலையரசன் மறுபடி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்கள். "பெரியவரே, பாதியில ஆளை மாத்த கம்பெனி ஒத்துக்காது. ரெண்டு கேரக்டரையும் மெட்ராஸ் ஆளுங்ககிட்ட குடுத்துடுவாங்க. இந்த சனிக்கிழமைக்குள்ள கோரினுக்கு ஒரு குரல் கிடைச்சா, ஷிமோனா அக்காவுக்கே. ஷிமோனாவுக்குக் கத்தல் இல்ல, அது அவங்களால முடியும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, முன்னாடி என்கிட்ட சண்டை போட்டாங்களே, அது யாரு?" என்றார்.

சோபியா தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் முழுக்க இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிரான்சிஸ் என்னிடம், "பெரியப்பா, அவ முன்னெல்லாம் கத்துவா, காதைப் பொத்திக்கிட்டுப் போயிருவேன். இப்ப கத்தாம இருக்கா, எங்க போறதுன்னே தெரியல" என்றான். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வந்தோம். சோபியா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செல்வி பக்கத்தில் போய்த் தோள் இடிக்க நின்றாள். ஒரு நிமிடம் நின்றிருப்பாள். பிறகு சோபியாவின் மணிக்கட்டில் இரண்டு விரலால் தட்டினாள்.

சோபியா கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்குக் கத்த வராதுக்கா" என்றாள். செல்வி மறுபடியும் தட்டினாள், இந்தத் தடவை பலமாக.

பெரம்பலூர் அறையில் ஒவ்வொருவராகத்தான் பதிவது வழக்கம். செல்வி விடவில்லை. பாஸ்காவில் நிற்பது போலத் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். எதிரே திரையில் படம். கோட்டை எரிகிறது. கோரினின் கிழக்கு மணியையும் ஷிமோனாவே அடித்துவிடுகிறாள். அதற்காகத்தான் கோரின் அவளைக் கேட்கிறாள்.

செல்வி தட்டினாள். சோபியா பேசினாள்: "ரெண்டு மணி இருந்துச்சு. ஒண்ணு என்னுது. நீங்க ரெண்டையும் அடிச்சீங்க."

கலையரசன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்: "மேடம், கோரின் அவளைக் கொல்ல வந்திருக்கா. காப்பி குடிக்கக் கூப்பிடல."

திரும்ப எடுத்தார்கள். இந்த முறை 'நீ' வந்தது, கோபம் வரவில்லை. அடுத்ததில் குரல் கொஞ்சம் உயர்ந்து பாதியில் அடங்கியது. சோபியாவின் நெற்றியெல்லாம் வியர்வை. செல்வியின் கை தொண்டைக்குப் போனது. நானே கத்திவிடுகிறேன் என்பதுபோல மைக்குக்கு முன்னால் நகர்ந்து மூச்சை இழுத்தாள். "செல்வி, வேணாம்மா" என்றேன்.

சோபியா அவளைப் பின்னால் தள்ளினாள். லேசாக இல்லை, செல்வி சுவரில் போய் மோதுகிற அளவுக்கு.

"தள்ளி நில்லு! ரெண்டு மணி இருந்துச்சு! ஒண்ணு என்னுதுன்னு உனக்குத் தெரியும்! கூட்டத்தோட நில்லுன்னு சொல்லிட்டு ரெண்டையும் நீயே அடிச்ச. எத்தனை வருசமா அடிச்ச!"

'கூட்டத்தோட நில்லு' என்பதும் 'எத்தனை வருசமா' என்பதும் தாளில் இல்லை. கலையரசன் நிறுத்தவில்லை. சோபியாவுக்கு மூச்சு இரைத்தது. கண்ணைத் துடைக்காமலே செல்வியின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துத் தட்டினாள். ஷிமோனாவின் முறை.

செல்வி பழக்கத்தில் மார்பு நிறைய மூச்சை இழுத்தாள். கழுத்து நரம்பு எழுந்தது. கடைசி வரிசைக்கு எறியப் போகிறாள் என்று தெரிந்தது. சோபியா மணிக்கட்டை விடாமல் இறுக்கிப் பிடித்தாள். செல்வி திரையை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தாள். இழுத்த மூச்சைப் பாதிக்கு மேல் வெளியே விட்டாள். பிறகு, ஒரு முழத் தூரத்தில் நிற்பவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"கேக்குது கோரின். இப்ப நீ அடி."

கரகரப்பு இருந்தது, ஆனால் உடையவில்லை. இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கலையரசன் பதிவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வாயசைவு ஒட்டல. பரவால்ல, அந்த இடத்துல ஷிமோனா திரும்பிதான் நிக்கிறா. கூட்டம் கீட்டம்னு வந்ததை மட்டும் வெட்டிடறேன்." நான் அந்தப் பதிவுக்கு நேரே குறி போட்டேன்.

குருத்து ஞாயிறுக்கு முன் அரியலூருக்கு மூன்று பேரும் போனோம். டாக்டர் பார்த்துச் சொன்னது இது: முடிச்சு சுருங்கியிருக்கிறது, போய்விடவில்லை. குரல் நிற்கும், ஆனால் எறிய முடியாது. பக்கத்துப் பேச்சு மட்டும்தான், அது எத்தனை மாதத்துக்கு என்று இப்போது சொல்ல முடியாது. கிடைத்த பதில் அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் அவர்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். அரியலூர் தாண்டியதும் செல்வி ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. சோபியாவே தலையைச் சாய்த்துத்தான் கேட்டாள். சோபியா சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

"மதலேனா? எனக்கா?"

செல்வி ஏதோ சொன்னாள்.

"மாதா யாருக்குன்னு நான் கேக்கலக்கா. உங்க மாதாவுக்கு மைக் வைக்க முடியுமான்னு பெரிய மாமாவ ஊர்க்கூட்டத்துல கேக்கச் சொல்லுங்க. ஒத்துக்கலன்னா அப்புறம் பாப்போம்."

செல்வி மறுபடி ஏதோ சொன்னாள், நீளமாக.

"கோவமெல்லாம் இல்லக்கா. கோரின் பெரம்பலூர்லயே இருக்கட்டும். வூட்டுக்குக் கூட்டிட்டு வர வேணாம்."

செல்வியின் தோள் குலுங்கியது. சத்தம் வந்துவிடாமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொரு கை மட்டும் தொண்டையிலேயே இருந்தது.