தம்பையா ஓடிய திசை

ஒரு படம் வசந்தகுமாரிக்கு அருவருப்பாகிவிட்டால் அந்த சிடியை அவள் வலது கையால் தொடமாட்டாள். இடது கையின் இரண்டு விரல்களால் ஓரத்தைப் பிடித்து, செத்த எலிக்குஞ்சைத் தூக்குவதுபோலத் தூக்கி உறைக்குள் போடுவாள். கடைக்கு வருகிறவர்களுக்கு இது தெரியும். இடது கை போகும் சிடியை யாரும் வாடகைக்குக் கேட்பதில்லை.

அவள் நிக்கோபாரின் காச்சால் தீவுச் சிவப்பிரகாசத்தின் மூத்த மகள். சிவப்பிரகாசமும் அவருக்கு நேர் இளையவரான தம்பையாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, காச்சாலில் ரப்பர் மரம் சீவ வந்தவர்கள். அண்ணன் கட்டியது ரெங்கம்மாவை, தம்பி கட்டியது துரைசாமியின் மகள் கண்ணம்மாவை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். ரெங்கம்மா தோட்டத்துக்குப் போன நாட்களில் வசந்தகுமாரிக்குத் தலை பின்னிவிட்டது கண்ணம்மா சித்திதான். இழுத்துப் பின்னுவாள், கண் இரண்டும் மேலே போய்விடும்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணம்மா சித்தி படகு அணையும் ஜெட்டிப் பக்கத்துக் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தாள். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வீடு போனதோடு வீட்டிலிருந்த போட்டோக்களும் போயின. இன்னார் இப்படி இருந்தாள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு தம்பையா தன் மகள் மரகதத்தோடு அந்தமானிலேயே வடக்கே இருக்கும் லாங் ஐலண்டுக்குப் போய்விட்டார். வசந்தகுமாரி அதற்கு முன்பே பன்னீர்செல்வத்துக்கு வாழ்க்கைப்பட்டு போர்ட் பிளேருக்கு வந்திருந்தாள். அவனுக்குத் துறைமுகத்தில் வேலை, டெலானிபூர் மேட்டில் குவார்ட்டர்ஸ். மேட்டிலிருந்து இறங்கும் வழியில் அவள் சிடி கடை வைத்தாள். மந்திரப் படம், பூதப் படம், கம்ப்யூட்டர் விளையாட்டு, இவைதான் அங்கே அதிகம். அழுகைப் படங்களை அவள் வாங்கிப் போடுவதில்லை. செத்தவர்கள் மந்திரக்கோலால் தொட்டதும் எழுந்திருக்கும் படங்கள் அவளுக்குப் பிடிக்கும். பொய்தான். ஆனால் பொய்யை நன்றாகச் சொன்னால் அவளுக்கு அதில் ஒரு மரியாதை உண்டு.

ஒவ்வொரு சிடி உறையின் மேலும் அவள் கையால் எழுதிய ஒரு சீட்டு செருகியிருக்கும். காரணம் லாங் ஐலண்ட். திங்கட்கிழமை படகில், அங்கே வாராவாரம் போய்வரும் சொக்கலிங்கம் ஒரு துணிப்பையில் சிடிகளை எடுத்துப் போவார். அடுத்த வாரம்தான் பை திரும்பும். அங்கே ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு படம். சீட்டைப் படித்துத்தான் எடுப்பார்கள். பிடிக்காத படம் போனால் அந்த வாரமே பாழ். அதனால் வசந்தகுமாரி பார்க்காமல் எழுதமாட்டாள், பார்த்ததை மாற்றியும் எழுதமாட்டாள்.

‘மந்திரவாதிக்குத் தாடி பெரியது, மந்திரம் சின்னது. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்’ என்று ஒரு சீட்டில் இருக்கும். ‘வாள் விளையாட்டு. ரத்தம் அதிகம், பச்சை நிறம் என்பதால் பரவாயில்லை. பழைய கம்ப்யூட்டரில் போட்டால் ராஜா பாதியில் நின்றுவிடுவார்’ என்று இன்னொன்றில். அடியில் செய்தியும் போடுவாள்: ‘அடுத்த கப்பலில் பேயரசன் இரண்டாம் பாகம் வருகிறது. முதல் பாகம் பார்த்தவர்கள் அவசரப்பட வேண்டாம்.’

சுனாமி கழிந்த ஐந்தாம் வருஷம் மெயின்லேண்டிலிருந்து ஒரு படக்கம்பெனி வந்தது. ‘ஆழிச்சுழல் அரக்கி’ என்று படத்துக்குப் பெயர். கடலுக்கடியில் இருக்கும் அரக்கி கோபங்கொண்டு ஒரு தீவின் மேல் அலையை ஏவுகிறாளாம், கதாநாயகன் மீன் மேல் ஏறி வந்து அடக்குகிறானாம். அலைக்குப் பயந்து ஓட ஆட்கள் வேண்டியிருந்தது. ஆள் சேர்த்துக் கொடுத்தவன் பன்னீர்செல்வத்தின் தம்பி கோவிந்தராஜ். அவன் பார்த்துப் பார்த்து நிக்கோபார் பக்கமிருந்து வந்த குடும்பங்களாகச் சேர்த்தான். மரகதத்தின் பிரசவத்துக்காக போர்ட் பிளேருக்கு வந்திருந்த தம்பையாவையும் சேர்த்துவிட்டான்.

படப்பிடிப்பு நாளில் வசந்தகுமாரி சித்தப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தாள். டைரக்டர் ஒலிபெருக்கியில் சொன்னான், “நடிக்க வேணாம். அன்னைக்கு எப்படி ஓடினீங்களோ அப்படியே ஓடுங்க, போதும்.”

விசில் ஊதியதும் எல்லோரும் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். தம்பையா மட்டும் கடலைப் பார்த்து ஓடினார்.

அவர் தப்பாக எதுவும் செய்யவில்லை. அன்றைக்கு அவர் மேட்டில் ரப்பர் மரத்தடியில் இருந்தார். கடல் ஏறுவதைப் பார்த்து ஜெட்டியை நோக்கித்தான் ஓடினார். நான்கு பேர் சேர்ந்து இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டதால் பிழைத்தார். அன்றைக்கு ஓடிய மாதிரி ஓடச் சொன்னார்கள், ஓடினார். “கண்ணம்மா, கண்ணம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டே தண்ணீருக்குள் முழங்கால் வரை போய்விட்டார். ஓடிக்கொண்டிருந்த மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். இங்கே பிடித்து இழுக்க யாரும் வராததால் வசந்தகுமாரிதான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

டைரக்டர் முதலில் கத்தினான். பிறகு எடுத்ததைப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தான். “இருக்கட்டும், நல்லா இருக்கு” என்றான்.

தம்பையா ஈர வேட்டியோடு உதவியாளனிடம் போய்க் கேட்டார். “தம்பி, நான் கூப்பிட்டது படத்துல வருமா?”

“வரும் தாத்தா. நீங்கதான் டாப்பு.”

“பேரு கேக்குமா?”

“கேக்கும், கேக்கும்.”

அன்றிலிருந்து தம்பையா அந்தப் படத்துக்காகக் காத்திருந்தார். போட்டோ இல்லாத பெண்சாதிக்கு ஒரு படத்தில் பெயராவது இருக்கப்போகிறது. சொக்கலிங்கம் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரே சேதியைக் கொண்டு வருவார்: அரக்கி படம் வந்தால் முதல் சிடி தம்பையாவுக்கு.

மறு வருஷம் சென்னைக் கப்பலில் சிடி வந்தது. கோவிந்தராஜே பன்னிரண்டு சிடிகளை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, டெலானிபூர் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பன்னீர்செல்வம், வசந்தகுமாரி, கோவிந்தராஜ், அவன் மனைவி ஜெயராணி.

அரக்கிக்கு எதனால் கோபம் என்பதிலேயே வசந்தகுமாரிக்கு முகம் சுருங்கியது. தீவுக்காரர்கள் குடித்துவிட்டுக் கூத்தடித்துப் பாவம் செய்தார்களாம், அதற்குத் தண்டனையாம் அலை. மண்ணெண்ணெய் வாங்கப் போன சித்தி என்ன பாவத்தைச் செய்தாள் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அலை வந்தது. எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு எதிர்த் திசையில் தம்பையா வந்தார். வாய் திறந்தது. உள்ளே யாரோ ஒருவன் மூக்கால் பேசும் குரலை வைத்திருந்தார்கள்.

“ஐயோ என் கோழி, என் கோழி.”

அவருக்கு முன்னால் ஒரு பொம்மைக் கோழியையும் கம்ப்யூட்டரில் வரைந்து ஓடவிட்டிருந்தார்கள். அலை அவரைப் புரட்டிப் போட்டது. கோழி ஒரு தென்னை மரத்தில் ஏறிக் கொக்கரித்தது.

ஜெயராணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். கோவிந்தராஜ் தொடையைத் தட்டினான். “பாத்தியா, நம்ம பெரியவரு காமெடியில பின்னிட்டாரு.”

வசந்தகுமாரி ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினாள். சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். சத்தமில்லாமல் பார்த்தால் உதடு கண்ணம்மா என்றுதான் சொன்னது. இரண்டு முறை கூப்பிடுகிறார். இரண்டாவது முறை குரல் உடைந்தது அவளுக்கு நினைவிருந்தது. அந்த இடத்தில்தான் கோழி மரம் ஏறுகிறது.

எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

“என்ன அண்ணி, மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?” என்றான் கோவிந்தராஜ்.

“நாத்தம் அடிக்குது தம்பி.”

“எங்க?”

“டிவியில.”

அவன் சிரித்து மழுப்பினான். பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு சிடியை எடுத்தான். “இது ஃப்ரீ. படத்தோட கேம். புள்ளைங்க ஜாலியா விளையாடும். போட்டுப் பாருங்க, அப்புறம் ரெண்டுக்கும் சேத்து நல்லதா ஒரு சீட்டு எழுதிருங்க. லாங் ஐலண்ட்ல உங்க சீட்டுன்னா வேதம். ரெண்டாம் பாகம் எடுக்க வர்றாங்க, ஆள் சேக்குற வேலை எனக்குத்தான்னு சொல்லியிருக்காங்க.”

மறுநாள் காலை கடையில் அவள் அந்த விளையாட்டைப் போட்டாள். வேட்டி கட்டிய கிழவன் ஒருவன் கடலைப் பார்த்து ஓடுகிறான். பட்டனை அமுக்கினால் குனிந்து கோழி பிடிப்பான். ஒரு கோழிக்குப் பத்துப் புள்ளி. பிடிக்கத் தவறினால் அலை அடித்துக் கவிழ்ந்து கால் இரண்டும் வானத்தைப் பார்க்கும். மறுபடி எழுந்து ஓடுவான். எத்தனை முறை கொன்றாலும் எழுந்து ஓடுவான். வசந்தகுமாரி ஒரு ஆட்டம் முழுதாக ஆடினாள், ஆடாமல் எழுதக் கூடாது என்பதற்காக. பிறகு இடது கையால் அதை வெளியே எடுத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிய பிறகும் பிசுபிசுவென்று இருப்பதுபோலவே இருந்தது.

திங்கட்கிழமை அது. மத்தியானம் படகு.

சித்தப்பாவிடம் சிடி வரவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் கோவிந்தராஜ் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டான், இன்று இல்லாவிட்டால் நாளை யாராவது ஒரு வீட்டில் கூட்டி உட்காரவைத்துப் போட்டுக் காட்டிவிடுவார்கள். எல்லோரும் சிரிக்கும்போது நடுவில் அவர் உட்கார்ந்திருப்பார். சீட்டு இல்லாமல் அனுப்பினாலும் அதே கதிதான். அவள் பேனாவை எடுத்தாள்.

‘ஆழிச்சுழல் அரக்கி. மந்திரப் படம். அலை வரும்போது எல்லோருக்கும் எதிராக ஒருவர் கடலை நோக்கி ஓடுகிறார். அவர் காச்சால் தம்பையா. அவர் கூப்பிட்டது கண்ணம்மாவை. நான் பக்கத்தில் நின்று கேட்டேன். படத்தில் அந்தக் குரலைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கோழி என்று போட்டிருக்கிறார்கள். விளையாட்டிலும் அதே கோழிதான். செய்தவர்கள் வெட்கங்கெட்டவர்கள். பார்க்க வேண்டாம்.’

இதையே பன்னிரண்டு சீட்டுகளில் எழுதினாள். மடித்துக்கொண்டிருக்கும்போது கோவிந்தராஜ் வந்து ஒன்றை எடுத்துப் படித்தான்.

“அண்ணி, பைத்தியமா உங்களுக்கு? கம்பெனிக்காரன் காதுக்குப் போனா என் பொழப்பு போச்சு.”

“போகட்டும்.”

“வெறும் சினிமா அண்ணி. ஃபேண்டஸி. அதுல எல்லாம் பொய்தான, நீங்களே எத்தனை பூதத்தைப் பாத்து ரசிச்சிருக்கீங்க.”

“பூதப் படத்துக்கு யாரும் செத்துப்போன பொண்டாட்டி பேரைக் கூப்பிட்டுக் குடுக்கல. நீ கூட்டிட்டுப் போன ஆளுதான குடுத்தாரு? நம்ம ஆளு கதறினதுக்குப் பத்துப் புள்ளி போட்டிருக்கான். அதையும் ஃப்ரீயா வாங்கிட்டு வந்து என்கிட்ட நீட்டுறே.”

“அந்தக் கிழவருக்குக் கோபம் இல்லைன்னா உங்களுக்கு என்ன?”

“அவருக்கு இன்னும் தெரியாது. அதான் எழுதுறேன்.”

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த பன்னீர்செல்வம் அதுவரை வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். தம்பியின் கையிலிருந்த சீட்டை வாங்கிப் படித்துவிட்டு அவளிடமே கொடுத்தான்.

“வெட்கங்கெட்டவர்கள்னு ஒரு தடவைதான் போட்டிருக்கே” என்றான்.

கோவிந்தராஜ் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டான். ஆறு மாதம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஜெயராணி மட்டும் இரண்டு நாள் கழித்து வந்து, தெரியாமல் சிரித்துவிட்டேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பை படகேறியது. அந்த வாரம் வசந்தகுமாரி புதிதாக எந்தப் படமும் பார்க்கவில்லை. டிவியில் அலை விளம்பரம் வந்தாலே அணைத்தாள். சித்தப்பாவை எழுத்தால் அடித்துவிட்டோமோ என்று ஒரு பக்கம். பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடப் படித்துத் தெரிந்துகொள்வது மேல் என்று இன்னொரு பக்கம். அடுத்த திங்கட்கிழமை சொக்கலிங்கம் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பதினொரு அரக்கி சிடிகளும் அவள் ஒட்டி அனுப்பிய டேப் பிரிக்காமல் இருந்தன. தம்பையாவின் சிடியும் பிரிக்காமல்தான் இருந்தது, உறையில் செருகியிருந்த சீட்டு மட்டும் இல்லை.

“யாருமே பாக்கலையா சொக்கலிங்கம் அண்ணே?”

“நீதான பாக்க வேணாம்னு எழுதியிருக்கே. மருத்துவச்சி வீட்டுல மட்டும் போடலாமான்னு கேட்டாங்க. மரகதம் போய் வாசல்ல நின்னுச்சு. அப்புறம் போடல.”

“சித்தப்பா?”

“மரகதத்தைப் படிக்கச் சொன்னாரு. மறுபடி படின்னாரு. சீட்டை மடிச்சு ரேஷன் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் கவருக்குள்ள வெச்சுக்கிட்டாரு. அந்த டைரக்டர் பேரு என்னன்னு கேட்டாரு, தெரியாதுன்னேன். காறித் துப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.”

வசந்தகுமாரி சிடிகளை இடது கையால் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டாள்.

“ஆனா ஒன்னு சொல்லி அனுப்பினாரு” என்றார் சொக்கலிங்கம். “சீட்டுல வெறுமனே கண்ணம்மான்னு எழுதியிருக்கியாம். காச்சால்ல மூணு கண்ணம்மா இருந்தாங்களாம். யாருன்னு தெரிய வேணாமா, சரியா எழுதித் தரச் சொல்லுன்னாரு.”

அது அவள் செய்த தப்புதான். படகு கிளம்ப இன்னும் நேரமிருந்தது. பெட்டியை மூடிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, புதுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். முதல் சீட்டில் இருந்ததை அப்படியே எழுதினாள். பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘துரைசாமி மகள், தம்பையா மனைவி, மரகதத்தின் அம்மா, மண்ணெண்ணெய் வாங்கப் போன கண்ணம்மாவை.’