மாமரத்தை மிரட்டியது

1. தை முடிந்தும் எங்கள் மாமரம் பூக்கவில்லை.
2. மாசியிலும் பூக்காவிட்டால் அதை வெட்டிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி கட்டுவதாக அப்பா சொன்னார்.
3. முதலில் மரத்தை மிரட்டிப் பார்க்கலாம் என்றார் அம்மா.

ஒருவர் வெட்டப் போக, இன்னொருவர் தடுக்க வேண்டும். மரம் பயந்து பூத்துவிடும். மரம் நான் நட்டது என்பதால் தடுக்கும் வேலை எனக்கு.

சண்டிகரில் பொறியியல் படித்தபோது, எல்லோரும் ஸ்வெட்டரை மடித்து வைத்தால் வசந்தம் என்று தெரிந்துகொள்வேன். அந்தமானில், எங்கள் கராச்சர்மாவில் எனக்கு மாம்பூதான் அடையாளம்.

அப்பா கத்தியை ஓங்கி, "பூக்காத மரம் எதுக்கு? வெட்டிடுறேன்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு வங்காளி அங்கிள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இஸ்ஸே நஹி கடேகா, பாய். ஆரி லோ" என்று, கத்தியால் மரம் வெட்டுப்படாது என இந்தியில் சொல்லித் தன் ரம்பத்தை நீட்டினார். மரியாதைக்காக அப்பா வாங்கிக்கொண்டார்.

"விடுங்கப்பா, பூத்துடும்" என்றேன், தாமதமாக.

"இப்பதான் அது நெசமா பயந்திருக்கும்" என்றார் அம்மா.

பத்து நாளில் ஒரு கிளை பூத்தது. மற்ற கிளைகளில் ஒன்றுமில்லை. தொட்டி வேலை தள்ளிப்போயிருக்கிறது. ரம்பத்தை அம்மா இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அது மரத்தில் சாய்ந்து நிற்கிறது.