நாங்கள் குப்புறப் படுக்க வைத்த பிள்ளைகள்

1. முதல் நாள்

கண்டியில் குறைமாதப் பிள்ளைகளின் வார்டில் தாதியாக எனக்கு அன்று முதல் நாள். வேலையேற்று ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, ஒரு மொனிட்டர் கத்தத் தொடங்கியது. இன்குபேட்டருக்குள் இருந்த பிள்ளைக்கு மூச்சில்லை, உதடு நீலம். நான் மரம் மாதிரி நின்றேன். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமாக வந்து அதன் உள்ளங்காலை விரலால் சுண்டினார். பிள்ளை சிணுங்கிக்கொண்டே மூச்சை இழுத்தது.

"பயப்படாதையும் பிள்ளை. இவைக்கு மூச்சு விட மறந்துபோகும். ஞாபகப்படுத்துறதுதான் எங்கட வேலை."

மூச்சை நடத்தும் மூளைப் பகுதி முதிருமுன்னே பிறந்தால் அப்படித்தான். அந்த வேலையை இருபத்தெட்டு வருஷம் செய்தேன். அந்த வார்டின் வெக்கையும் ஸ்பிரிட் வாசமும் இன்றும் எனக்கு வேண்டியிருக்கின்றன. பஸ்ஸில் யார் மடியில் பிள்ளை தூங்கினாலும் என் கண் அதன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்க்கிறது.

2. கிளினிக் நாள்

செல்வராணி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அவள் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்து எங்களிடம் இரண்டு மாதம் இருந்தான். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, நாங்கள் செய்வதை வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். வீட்டுக்கு அனுப்பும்போது வழக்கமான பாட்டைப் பாடினேன்: மல்லாக்கப் படுக்க வை, தலையணை வேண்டாம், பிள்ளை இருக்கும் அறையில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது. தலையாட்டினாள்.

மூன்று வாரத்தில் கிளினிக்குக்கு வந்தாள். நிறை பார்க்கக் காத்திருந்த நேரத்தில் பிள்ளையைக் கட்டிலில் குப்புறப் போட்டாள். மடித்த துவாயில் அவன் முகம் புதைந்திருந்தது. பாய்ந்துபோய்ப் புரட்டினேன். நல்லவேளை, கண்ணைத் திறந்தான்.

"அறிவிருக்கா உனக்கு? வீட்டுலயும் இப்படித்தானா?"

"ஆமாங்க மிஸ். எப்பவும் இப்படித்தான்."

"யாரு சொல்லிக் குடுத்தா? மாமியாரா?"

"நீங்கதானே மிஸ் ரெண்டு மாசமும் இப்படிப் படுக்க வச்சீங்க. இப்படிப் படுத்தா நல்லா மூச்சு விடுறான்னு டொக்டர்கிட்டயும் சொன்னீங்களே."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. வார்டில் குப்புறப் படுத்தால் அவர்களுக்கு மூச்சு சுலபம். காலில் மொனிட்டர் இருக்கும், எட்டும் தூரத்தில் நாங்கள் இருப்போம். அவள் வீட்டில், அந்தத் தோட்ட லயத்து அறையில், அவனைப் பார்த்துக்கொள்ள மொனிட்டர் ஏது? துணியில் மூக்கு அழுந்தினால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பான். பெரும்பாலான பிள்ளைகள் உடனே விழித்துத் தலையைத் திருப்பிவிடும். குறைமாதப் பிள்ளைக்கு அந்த விழிப்பு பிந்தலாம், வராமலும் போகலாம்.

"அப்போ இத்தனை நாளா நான்தான் அவன..." என்று அழத் தொடங்கினாள். அத்தனை பேர் முன்னால் திட்டிய நான், அத்தனை பேர் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் சின்ன மிஸ்மாரே, நாம் சொல்வதைத் தாய் மறந்துவிடலாம். நாம் செய்ததை அப்படியே செய்வாள். வீட்டுக்குப் போகப்போகும் பிள்ளையைச் சில நாள் முன்னதாகவே, அவள் பார்க்க மல்லாக்கப் போடுங்கள். பிறகு அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.