செவலை தோண்டிய வரப்பு

நேற்று எங்கள் சென்னை அடுக்ககத்தின் லிஃப்டில் ஏறினேன். எதிர்வீட்டுப் பெண் மழைக்கோட்டு மாட்டிய ஒரு வெள்ளை நாயுடன் நின்றிருந்தாள். கோட்டு எதற்கோ, நாய் என்னவோ தொப்பலாக நனைந்துதான் இருந்தது. அந்த ஈர நாய் வாசனை மூக்கில் ஏறியதும், இறங்க வேண்டிய மாடியை விட்டுவிட்டு மேலே போய்த் திரும்பி வந்தேன். வயதானால் இப்படித்தான் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு அது ஐப்பசி வாசனை. காரைக்குடிப் பக்கம் புதுவயல் என்கிற ஊருக்கு வெளியே எங்களுக்குக் கொஞ்சம் வயலும் அதன் ஓரத்தில் ஒரு ஓட்டு வீடும் இருந்தன. கணவர் போன பிறகு அங்கே நானும் ஒரு ரேடியோவும்தான். ரேடியோவுக்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்திருந்த சமயத்தில் வள்ளி முதல் நாயைக் கொண்டுவந்து இறக்கினாள். காரைக்குடியில் மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண். அடிபட்டுக் கிடக்கிற தெருநாய்களைத் தூக்கிப்போய் வைத்தியம் பார்ப்பாள். அவை தேறி, வளர்க்க ஆள் கிடைக்கும்வரை என் வீட்டில் இருக்கும்.

ரைஸ் மில்லில் நொய் வாங்கி, கோழிக்கால் போட்டு வேகவைப்பேன். அடுப்பு மூட்டியாயிற்றே என்று எனக்கும் ஒரு ரசம் வைத்துக்கொள்வேன். நாய் இல்லாத நாட்களில் பன்னும் டீயும்தான், சொல்வதற்கென்ன.

மழை பிடித்துவிட்டால் வரப்பெல்லாம் நண்டு வளை. அதைப் பார்த்தால் இந்த நாய்ப் பயல்களுக்குக் கை சும்மா இருக்காது. செவலை என்று ஒருத்தி, மில் லாரி ஏறிப் பின்னங்கால் ஒன்று போனவள். மூன்று காலை வைத்துக்கொண்டே வரப்பைத் தோண்டி, என் வயல் தண்ணீரையெல்லாம் பக்கத்து வயலுக்குத் திறந்துவிட்டாள். பக்கத்து வயல்காரர் வந்து நிதானமாகக் கேட்டார்: "நாய் வளக்குறீகளா, வரப்பு வெட்ட ஆள் வச்சிருக்கீகளா?"

நான் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு சிரித்ததால் அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அன்றிலிருந்து செவலையை அனுப்ப எனக்கு மனமில்லை.

வள்ளி ஒரு விஷயத்தில் கறார். எங்கள் பக்கம் நாய் கேட்டு வருகிறவர்களில் பலர், கானாடுகாத்தானிலோ நெற்குப்பையிலோ பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டுக்குக் காவலுக்குக் கேட்பார்கள். வீட்டுக்காரர்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வள்ளி தரமாட்டாள். கேட்டவர் வீட்டுக்கே போய் அடுக்களையை எட்டிப் பார்ப்பாள். தினமும் உலை கொதிக்கிற வீடாக இருக்க வேண்டும் அவளுக்கு. நானும் கூடப்போய், பெரிய மனுஷி மாதிரி அடுப்புமேடையில் கைவைத்துப் பார்த்திருக்கிறேன்.

செவலையை நானே வைத்துக்கொள்கிறேனே என்று ஒருநாள் மெல்லக் கேட்டேன். பொங்கல் முடிந்ததும் மகன் என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போகப் போவது வள்ளிக்குத் தெரியும். அவன் குடியிருப்பில் தெருநாயைச் சேர்க்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

"தை பொறந்தா நீங்க போயிருவீகக்கா," என்றாள். "அப்பறம் இதுவும் பூட்டுன வீடுதான்."

எனக்குக் கோபம் வந்தது. போகமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அந்தச் சேற்றில் இன்னொரு மழைக்காலம் என்னால் ஆகாது என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. மறுவாரம் செவலை மில் பக்கத்து இட்லிக்கடைக்காரம்மா வீட்டுக்குப் போனாள். ஆட்டோவில் அவளாகவே ஏறிக்கொண்டாள்.

இப்போது அந்த வயல் இல்லை. பிளாட் போட்டு, கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டார்கள். வீட்டையும் இடித்தாயிற்று. வள்ளி கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். அவள் ஊரைவிட்டுப் போவதற்குமுன் ஃபோனில் செவலையைப் பற்றிக் கேட்டேன்.

"நல்லாருக்குக்கா. ஒங்களத் தேடவே இல்ல," என்றாள், என் மனம் ஆறட்டும் என்று.

நல்லதாயிற்று, அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். ஃபோனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய், வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.